மஷாவுகிட்ட நான் மன்னிப்புக் கேக்காமப் போன கதை

மஷாவு பக்காரியப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கன்னு மீன்காரப் பொம்பளைங்க சங்கத்துல கேட்டாங்க. நல்லதா எழுதினா அவளே வந்து என் கைய ஒடிப்பா. அதனால உள்ளத உள்ளபடி எழுதறேன்.

அவ மீன் பொரிக்கிறவ. எங்க ஊரு ம்புயுனியில படகு கரையேறுற எடத்துல, வாதுமை மரத்தடியில அவ அடுப்பு. முப்பது வருஷமா அதே மரம், அதே எடம். சட்டி மட்டும் இது மூணாவது. கன்னம் ரெண்டும் பந்து மாதிரி இருக்கும். பொறக்கும்போதே அப்படித்தானாம். அதப் பாத்துத்தான் பேரே வெச்சாங்க. மஷாவுன்னா எங்க பாஷையில கன்னம். வாயப் பாத்து வெச்சிருந்தா வேற பேரு வந்திருக்கும்.

நான் பக்கத்து வீடு. பேரு கசந்தா. கத்தாழைத் தோட்டத்துல யூனியன் வேலை பாத்தவன். தோட்டத்துல நாப்பத்தோரு நாள் வேலைநிறுத்தம் நடந்தப்ப, மொதலாளி வாசக் கதவ இழுத்துப் பூட்டிட்டான். உள்ள மாட்டிக்கிட்டது நூத்தம்பது பேரு. சோறு இல்ல. அப்ப மஷாவுக்கு இருவது வயசு இருக்கும். தலையில கூடைய வெச்சுக்கிட்டு முள்வேலி ஓட்டை வழியா நொழஞ்சு வந்தா. பொரிச்ச மீனும் அவிச்ச மரவள்ளியும் போட்டா. போட்டுட்டு சொன்னா:

"தின்னுங்கடா மூட்டைதூக்கிங்களா. நீங்க செத்துத் தொலைஞ்சா அப்புறம் நான் யாரத் திட்டறது?"

அதுக்குப் பேருதான் உத்தானி. எங்க வம்சம் உள்நாட்டுலேர்ந்து மூட்டை சுமந்து கரைக்கு வந்த வம்சம். அவ வம்சம் கரையோட வம்சம். அந்தக் காலத்துல ரெண்டு கூட்டமும் வெட்டிக்கிட்டாங்க. அப்புறம் சமாதானம் பேசினாங்க. இனிமே கத்தி வேணாம், வாய் போதும்னு முடிவாச்சு. அன்னிலேர்ந்து நாங்க அவங்களத் திட்டுவோம், அவங்க எங்களத் திட்டுவாங்க. அவங்க வீட்டுப் பொருள நாங்க எடுக்கலாம், எங்க வீட்டுத அவங்க எடுக்கலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. சாவு வீட்டுலதான் இது இன்னும் அதிகம். அழுது அழுது நெஞ்சு அடைச்சுப் போறவங்களத் திட்டிச் சிரிக்க வெக்கறது எங்க வேலை. எங்க வீட்டுல சாவு விழுந்தா அது அவங்க வேலை.

கட்டுப்பாடு ஒண்ணே ஒண்ணு. மன்னிப்புக் கேக்கக் கூடாது. கேட்டா, அது வரைக்கும் சொன்னது அத்தனையும் நெசம்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். அதோட உத்தானி முடிஞ்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். மஷாவுக்கு ஒரே மவ, ஹிதாயா. மொதல் பிரசவம் எங்க ஊரு ஆஸ்பத்திரியில நடக்கல. மருத்துவச்சி மாத்தலாகிப் போயி அந்த நாக்காலி காலியாவே கெடந்துச்சு. ஆத்துக்கு அக்கரை டவுனுக்குப் போகணும். பாலம் கெடையாது, படகுதான். படகு வர்றதுக்குள்ள புள்ள போயிடுச்சு. படித்துறைக் கல்லு மேல உக்காந்து மவளோட தலைய மடியில வெச்சுக்கிட்டு மஷாவு இருந்ததை நான் பாத்திருக்கேன். அன்னிக்கு மட்டும் நான் அவளத் திட்டல.

இப்ப ஹிதாயாவுக்கு மறுபடி நெறமாசம். நாக்காலி ரெண்டு வருஷமாக் காலி.

அந்த நேரத்துலதான் மார்யா வந்து எறங்கினா. எஸ்தோனியாக்காரி. இருவத்தேழு வயசு. மருத்துவச்சி வேலை படிச்சவ. சம்பளம் இல்லாம ஆறு மாசம் சேவை செய்யறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. அனுப்பிவெச்ச அமைப்புக்காரங்க தங்கறதுக்கு வீடு தேடினாங்க. கக்கூசுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கணும்னாங்க. ஊருலயே அது இருந்தது மஷாவு வீட்டுல மட்டுந்தான். அதுவும் ஏன்? நான் திடீர்னு கதவத் தட்டி, "எவ்வளவு நேரண்டி, உள்ள கப்பலா கட்டற?"ன்னு கத்துவேன்னு அவளே போட்ட தாழ்ப்பாள்.

ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பஸ்ஸவிட்டு எறங்கினா அந்தப் பொண்ணு. மொகம் வேகவெச்ச எறா மாதிரி செவந்திருந்துச்சு. மஷாவு ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "வந்தியாடி என் தாயி, வழி எப்படி, ஒடம்பு எப்படி, வீட்டுல எப்படி, தூக்கம் எப்படி, வேலை எப்படி"ன்னு வரிசையா கேட்டா. மார்யா யோசிச்சு யோசிச்சு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னா. பொஸ்தகத்துல படிச்ச பேச்சு.

"வழி நீளமாக இருந்தது. உடல் களைப்பாக உள்ளது. என் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி. பேருந்தில் என் காலருகே ஓர் ஆடு இருந்தது."

சும்மா "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டுப் போறதுதான் எங்க வழக்கம். இவ நெசமான பதில் சொன்னா. மஷாவு அசந்து போயிட்டா. "முழங்காலுக்கு என்ன வைத்தியம் பாக்கறீங்க?"ன்னு ஆரம்பிச்சு, வீடு போய்ச் சேர இருட்டிடுச்சு.

மறுநாள் திங்கள்கெழமையே மார்யா ஆஸ்பத்திரிக் கதவத் தொறந்து, தரையக் கழுவி, ஹிதாயாவ வரச்சொல்லி வயித்தத் தொட்டுப் பாத்தா. "குழந்தையின் தலை சரியான இடத்தில் இருக்கிறது. பத்து நாள் இருக்கலாம்"ன்னா. மஷாவு அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தா. என் கொடியில காஞ்ச சட்டைய உருவி, அதுல மீன் சட்டியத் தொடைச்சுட்டுப் போனா. சந்தோஷம் தாங்கலைன்னா அவ அப்படித்தான்.

இத மார்யா சன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தான்னு எங்களுக்குத் தெரியாது. பாத்ததையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தான்னும் தெரியாது.

புதன்கெழமை என் டயர் செருப்புல ஒண்ணு காணாமப் போச்சு. எடது காலு. மஷாவோட அண்ணன் ஷொமரி, படகுப் பலகை இடுக்குல பஞ்சு அடைக்கிறவன், என்னைவிட ரெண்டு வயசு பெரியவன், அவன் வேலையாத்தான் இருக்கும்னு போய்க் கேட்டேன். "செருப்பா? மூட்டைதூக்கிக்கு எதுக்குடா செருப்பு? ஒங்க தாத்தனுக்கு இருந்துச்சா?"ன்னான். அவன் பொண்டாட்டி ம்காசி பக்கத்துல உக்காந்து அரிசி பொடச்சுக்கிட்டே குனிஞ்சு சிரிச்சா. நான் ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டே வீடு வந்தேன்.

வியாழக்கெழமை விடியக்காலையில ஷொமரி செத்துப்போனான். தொழுகைக்கு எந்திரிச்சவன், மொகம் கழுவினவன், அப்படியே உக்காந்துட்டான். மார்யா ஓடிப்போய் நெஞ்ச அமுக்கிப் பாத்தா. ஒண்ணும் நடக்கல.

மத்தியானம் அவன சந்தூக்குப் பெட்டியில வெச்சு வாசலுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. நான் போய் வாசல்ல குறுக்கப் படுத்துட்டேன். ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்காலு.

"என் செருப்பு வராம இவன் குழிக்குப் போகக் கூடாது! டேய் ஷொமரி, எங்கடா ஒளிச்ச? சொல்லிட்டுப் போ! குடும்பமே திருட்டுக் குடும்பம். இந்தா நிக்கறாளே தங்கச்சி, எண்ணெ காயற மாதிரி சத்தம் போட்டு அழறா, ஒரு பொட்டுத் தண்ணி வருதா கண்ணுல?"

மஷாவுக்குக் கண்ணுல தண்ணி தாரை தாரையா ஓடிட்டிருந்துச்சு. அழுதுக்கிட்டே கத்தினா. "எந்திரிடா நாயே! எங்கண்ணன் சொர்க்கத்துக்குப் போறான், அங்க ஒன் கால் நாத்தத்தையும் சேத்து அனுப்பவா?"

கூட்டத்துல லேசா ஒரு சிரிப்பு வந்துச்சு. அந்த நேரத்துல என் தலை மேல ஒரு வாளி தண்ணி விழுந்துச்சு. நிமிந்து பாத்தா மார்யா. கையில காலி வாளி.

"நீங்கள் மனிதரா?"ன்னா.

இங்கதான் ஊரே ஒரு தப்பு பண்ணுச்சு. வேற எந்த ஊருலயும் இப்படி நடக்காது. அவ கோவமாத்தான் ஊத்தினான்னு ஒருத்தருக்கும் தோணல. அவ மஷாவு வீட்டுல இருக்கறவ, மஷாவு பக்கம் சேந்து உத்தானி பண்றான்னு நெனச்சுட்டாங்க. பொம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. "நாலே நாள்ல கத்துக்கிட்டா பாரு!"ன்னு ஒருத்தி. "வாளிய இன்னொரு தடவ ரொப்புடி மருத்துவச்சி!"ன்னு இன்னொருத்தி. நானும் மண்ணத் தட்டிக்கிட்டு எந்திரிச்சு, பரவால்ல, கெட்டிக்காரிதான்னு நெனச்சேன். தூக்கினாங்க, போனோம், அடக்கினோம், வந்தோம். யாரும் அவகிட்ட ஒரு வார்த்தை வெளக்கம் சொல்லல. இதையெல்லாம் வெளக்கணும்னே எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கெழமை காலையில ஊர்த்தலைவர் கதீபு வேர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு வந்தாரு.

"கசந்தா, காரியம் கெட்டுப்போச்சுய்யா. அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழமை பஸ்ஸுக்குக் கெளம்பறேங்குது."

"ஏன்?"

"நீ மஷாவுகிட்ட எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லாட்டி இந்த ஊருல இருக்க மாட்டாளாம். பொணத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளைய அசிங்கப்படுத்தறான், ஊரே நின்னு சிரிக்குதுங்கறா."

"வெளாட்டுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே! அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? அவ ஊரு ஆஸ்பத்திரியில கன்னம் வீங்கிப்போய் வர்ற பொம்பளைங்களக் கூட்டிட்டு வர்ற ஆம்பளைங்களும் இதேதான் சொல்லுவாங்களாம். வெளாட்டுன்னு."

அவ சொன்னதுல தப்பு இல்ல. நானும் தோட்டத்து மேஸ்திரிங்க வாயில அந்த வார்த்தையக் கேட்டவன்தான்.

நேரா மஷாவுகிட்ட போனேன். சாவு வீட்டு முத்தத்துல பெரிய பானையில கஞ்சி கிண்டிட்டிருந்தா. உள்ள அறையில ம்காசி இத்தா இருக்கா, புருசன் போனவ வேத்து ஆம்பள கண்ணுல படாம இருக்கற காலம். திரை போட்டிருந்தாங்க. புருசன் போனதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல, ஒரு வாய் சாப்பிடல. மஷாவும் மார்யாவும் மாத்தி மாத்திக் கரண்டியோட போயிட்டு, அப்படியே திரும்பி வந்துட்டிருந்தா.

"கேட்டுடறேன்"னேன். "ரெண்டு வார்த்தைதான."

மஷாவு கரண்டிய வெச்சுட்டா. "நீ மன்னிப்புக் கேட்டா, அன்னிக்கு எங்கண்ணன் முன்னாடி சொன்னதெல்லாம் நெசமாயிடும். நெசமா வைஞ்சவனோட நான் எப்படிடா பக்கத்து வீட்டுல இருப்பேன்? நாளைக்கு நான் செத்தா என் வாசல்ல யாரு வந்து படுக்கறது?"

"அப்ப வேணாமா?"

"வேணாம். போ."

வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாடி அவளே வந்தா. வாசல்ல நின்னா, உள்ள வரல. அவ என் வீட்டு வாசல்ல நின்னு நான் பாத்ததே இல்ல. எப்பவும் சமையக்கட்டு வரைக்கும் வந்து எதையாவது எடுத்துட்டுத்தான் பேசுவா.

"கேட்டுடு"ன்னா.

"மஷாவு..."

"ஹிதாயா வயிறு எறங்கிடுச்சு. நான் மறுபடியும் அந்தப் படித்துறையில உக்கார மாட்டேன். கேட்டுடு, கசந்தா."

முப்பது வருஷத்துல மொத தடவையா அவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. அது எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

சனிக்கெழமை மூணாம் நாள் ஓதி முடிச்சாங்க. முத்தத்துல பாய் போட்டு ஊரே உக்காந்திருந்துச்சு. ஹிதாயா செவுத்துல சாஞ்சு வயித்தப் புடிச்சுக்கிட்டு இருந்தா. கதீபு தொண்டையச் செருமினாரு. நான் எந்திரிச்சேன். ஒரு கால்ல என் செருப்பு, இன்னொரு கால்ல வீட்டுக்காரி செருப்பு. வாயத் தொறக்கறதுக்குள்ள மார்யா எந்திரிச்சுட்டா. கையில நோட்டு.

"முதலில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். இவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்"ன்னா. பாஷை பழகறதுக்காக எங்க பாஷையிலயே எழுதி வெச்சிருக்கா. படிக்க ஆரம்பிச்சா.

"முதல் நாள். மஷாவு அவர்கள், பக்கத்து வீட்டுப் பெரியவரின் சட்டையை எடுத்து மீன் சட்டியைத் துடைத்தார். இதுவும் தவறுதான். நான் மறைக்க விரும்பவில்லை."

ஒருத்தரும் சிரிக்கல.

"அன்று மாலை பெரியவர் மஷாவு அவர்களிடம், உன் முகத்தைப் பார்த்துத்தான் கடல் பின்வாங்குகிறது என்று கூறினார். நான் வெளியே பார்த்தேன். கடல் உண்மையிலேயே பின்வாங்கிக்கொண்டிருந்தது."

பின்னால யாரோ 'க்குக்'குன்னாங்க. பக்கத்துல இருந்தவங்க கிள்ளி அடக்கினாங்க.

"இரண்டாம் நாள். பெரியவர் அனுமதியில்லாமல் சமையலறைக்குள் வந்து, பொரித்த மீன் மூன்றை உண்டார்."

"மூணா?" மஷாவு பாயிலேர்ந்து எந்திரிச்சே போயிட்டா. "ரெண்டுன்னுதானடா சொன்ன, திருட்டு மூட்டைதூக்கி!"

என் வாய் என்னக் கேக்காமலே பேசிடுச்சு. "ஒன் மீனு ரெண்டு சேந்தாத்தாண்டி ஒரு மீனு. நெத்திலியப் புடிச்சு வெச்சுக்கிட்டு திமிங்கலம்னு விக்கறவ!"

அவ்வளவுதான். ஊரு ஒடைஞ்சு சிரிச்சுது. கதீபு தொப்பியால மொகத்த மூடிக்கிட்டாரு. மார்யா நடுவுல நின்னு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. ஆனா நிறுத்தல. புடிச்ச புடி விடாத பொண்ணு. சத்தம் அடங்கற வரைக்கும் நின்னு, அடுத்த பக்கத்தத் திருப்பினா.

"மூன்றாம் நாள். மஷாவு அவர்களின் அண்ணன் ஷொமரி, பெரியவரின் இடது கால் செருப்பை எடுத்து, கவிழ்த்த படகின் அடியில் ஒளித்தார். பிறகு தானாகவே நெடுநேரம் சிரித்தார். நான் அவரை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்."

சிரிப்பு சட்டுனு நின்னுச்சு.

அப்பத்தான் திரைக்குப் பின்னாடியிருந்து ஒரு குரலு. மூணு நாளாப் பேசாத குரலு, கரகரன்னு வந்துச்சு.

"படகுக்கடியில இல்ல. அன்னிக்கே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. கட்டிலுக்கு அடியில இருக்கு."

ம்காசி.

"மூட்டைதூக்கி வெள்ளிக்கெழமை வரைக்கும் நொண்டட்டும், அப்புறம் குடுத்துடுன்னாரு"ன்னா. கட்டிலுக்கடியிலேர்ந்து செருப்ப இழுக்கற சத்தம் கேட்டுச்சு. "வெள்ளிக்கெழமை நேத்தே போயிடுச்சே. நான் மறந்துட்டேன் பாரு."

சொல்லிட்டுச் சிரிச்சா. மொதல்ல இருமல் மாதிரிதான் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு, அப்புறம் அழுகை. மூணு நாளா வராத அழுகை. பொம்பளைங்க உள்ள ஓடினாங்க. திரைக்கு அடியில ஒரு கை நீண்டுச்சு, கையில என் செருப்பு. அந்தக் கைய நான் பாக்கக் கூடாதுன்னு தலையத் திருப்பிக்கிட்டேன்.

"மஷாவு, கஞ்சி இருக்கா?"ன்னு உள்ளேர்ந்து கேட்டுச்சு.

மார்யா நோட்ட மூடினா. அவளே பானைக்கிட்ட போனா, கிண்ணத்துல ஊத்தினா, உள்ள கொண்டு போனா. ரொம்ப நேரம் வரல. வெளிய வந்தப்ப கிண்ணம் காலி. எனக்கு எதிர்ல வந்து நின்னா.

"இன்னமும் எனக்கு முழுவதும் புரியவில்லை"ன்னா. "ஆனால் நான் மூன்று நாளாக முயன்றேன். அவர் உண்ணவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம்."

"கேக்கறதாவே இல்ல"ன்னேன். பொய்யி.

"அந்தத் தண்ணீருக்காக நான் கேட்க வேண்டுமா?"

"கேட்டுறாதடி!"ன்னு மஷாவு அந்தக் கோடியிலேர்ந்து அலறினா. "அவன் குளிச்சு ஒரு மாசம் ஆச்சு. புண்ணியந்தான்!"

ஞாயித்துக்கெழமை பஸ்ஸு வந்துச்சு, ஆட்ட ஏத்திக்கிட்டுப் போச்சு. மார்யா ஏறல. கதீபு பஸ்ஸு கண்ணுல மறையற வரைக்கும் ரோட்டுலயே நின்னுட்டு, அப்புறந்தான் டீ குடிக்கப் போனாரு.

செவ்வாய்க்கெழமை காலையில ஹிதாயாவுக்கு வலி எடுத்துச்சு. நடந்தே போனா ஆஸ்பத்திரிக்கு, எரநூறு தப்படிதான். மஷாவு உள்ள. நான் வெளிய படியில. செருப்பக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஆத்துப்பக்கம் படகு ஊதுற சத்தம் கேட்டுச்சு. அது இந்தப் பக்கம் வந்தா என்ன, அந்தப் பக்கம் போனா என்ன. எங்களுக்கு இன்னிக்கு அது தேவையில்ல. அந்தச் சத்தத்த நிம்மதியாக் கேட்டது அன்னிக்குத்தான்.

மத்தியான ளுஹர் தொழுகை பாங்குக்கு முன்னாடி உள்ள ஒரு அழுகை கேட்டுச்சு. சின்ன அழுகை. கொஞ்ச நேரத்துல மார்யா கதவத் தொறந்தா. "பெண் குழந்தை. இருவரும் நலம். உள்ளே வரலாம்."

மஷாவு கையில துணிப் பொட்டலம். கன்னம் ரெண்டும் நனைஞ்சு மின்னுது. அவ அப்படி நின்னா எனக்குத் தாங்காது. குனிஞ்சு பாத்தேன்.

"என்னடி இது? அவிச்ச கணவாய் மாதிரி சுருண்டு கெடக்கு."

மஷாவு பதில் சொல்றதுக்குள்ள பின்னாலேர்ந்து பொஸ்தகப் பேச்சு வந்துச்சு.

"குழந்தை ஒரு வாரத்தில் அழகாகிவிடும், பெரியவரே. உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை."

ஹிதாயா படுத்த எடத்துலேர்ந்தே சிரிச்சு, "அய்யோ வலிக்குது, சிரிக்க வெக்காதீங்க"ன்னா. மஷாவு சிரிச்சா, அழுதா, மூக்கச் சிந்தினா, என் சட்டையில தொடைச்சா.

வெளிய வந்தேன். படியில ஒரு செருப்புதான் இருந்துச்சு. வலது காலு. எடது காலு செருப்பக் காணோம்.

திரும்பிப் பாத்தேன். சன்னல்ல மார்யா நின்னுக்கிட்டு ரொம்ப மும்முரமா என்னமோ எழுதிட்டிருந்தா. நான் ஒண்ணும் கேக்கல. ஒத்தச் செருப்போட வீட்டுக்கு நடந்தேன். மத்தியான வெயில்ல மணலு சுட்டுச்சு. சுடட்டும்.